நெல்லைச் சீமையை வேனில் சுற்றிப் பார்க்க: போனில் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

பாளையங்கோட்டையிலிருந்து வேனில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊர் காட்டுவது என் சோலி. புறப்படுவதற்கு முந்தின வாரம் வருகிற போன்களில் பாதி ஒரே கேள்விதான். அதனால் ஒருதடவை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீங்கள் என்னோடு வந்தாலும் சரி, வேறு யாரோடு வந்தாலும் சரி, பயன்படும்.

திருநெல்வேலிச் சுற்றுலா என்றால் எதுவரைக்கும்?

இன்றைய மாவட்ட எல்லையை வைத்துப் பார்த்தால் பாதி ஊர் விட்டுப்போகும். தூத்துக்குடி 1986இல் தனி மாவட்டமானது, தென்காசி 2019இல். அதற்கு முன் எல்லாம் ஒரே சீமை. நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்களும் இப்போது தூத்துக்குடி மாவட்டம், குற்றாலம் தென்காசி மாவட்டம். ஆனால் அங்கே இருக்கிற பெரியவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் "திருநவேலிக்காரங்க" என்றுதான் சொல்வார்கள்.

நான் மாவட்டத்தை வைத்துப் போவதில்லை. ஆற்றை வைத்துப் போகிறேன். பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிறது தாமிரபரணி. கோயில், நெல், பாய், அல்வா எல்லாம் அந்த ஆற்றின் இரண்டு கரையிலும்தான் இருக்கின்றன. மேற்கே ஒரு நாள், கிழக்கே ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால் வண்டி ஒரே ரோட்டில் இரண்டுதடவை ஓடாது.

எத்தனை நாள் வேண்டும்?

நான்கு. மூன்றில் முடிக்கலாம், மூச்சு வாங்கும். "இரண்டு நாளில் எல்லாத்தையும் காட்டிருங்க அண்ணாச்சி" என்று கேட்பவர்களுக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே நாளில் பதினோரு இடம் என்று நோட்டீஸ் அடித்தேன். கிருஷ்ணாபுரம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். நடை சாத்தியாயிற்று. மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு ஆச்சி, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "வாசலைப் பாக்கவாய்யா இம்புட்டு தூரம் கூட்டியாந்தே?" என்றார்கள். வேனில் மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நோட்டீஸில் மீதி இருந்ததை அன்றைக்கு ராத்திரியே பழைய பேப்பர் கடையில் போட்டேன்.

இங்கே கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தி, சாயங்காலம் நாலு, நாலரை, ஐந்துக்குத் திறக்கும். உங்கள் திட்டத்தை எழுதுகிறவர் அந்த நாலு மணி நேரத்துக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ஒன்றும் எழுதாமல் கோயிலுக்கு மேல் கோயிலாக அடுக்கியிருந்தால் அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை.

எந்த மாதம் நல்லது?

எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குற்றாலச் சாரலுக்கு ஆனி, ஆடி. நெல்லையப்பர் தேரும் ஆனியில்தான், ஆனால் தேரன்றைக்கு டவுனுக்குள் வேன் நுழையாது, நடக்கத் தெம்பு வேண்டும். பச்சை வயல் பார்க்க ஆசை என்றால் மார்கழி, தை. அப்போது பிசானம் நிற்கும். இங்கே நெல்லுக்கு இரண்டு போகம், முதலாவது கார், இரண்டாவது பிசானம். பிசானப் பயிர் நிற்கும்போது சேரன்மகாதேவி ரோட்டில் காலை ஏழு மணிக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் அதுவே பாதிச் சுற்றுலா.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. குளமெல்லாம் நிறைந்து அழகாக இருக்கும், ஆனால் திட்டத்தை மாற்ற மனசு வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் தீவாகிவிட்டது. அதற்கப்புறம் மழை எச்சரிக்கை வந்தால் நான் கிழக்கே வண்டி எடுப்பதில்லை, முன்பணத்தைத் திருப்பிவிடுகிறேன்.

சித்திரை, வைகாசி வெயில் உங்களுக்கே தெரியும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளின் லீவுக்கு வருகிறவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்களுக்கு விடியற்காலையும் சாயங்காலமும்தான் சுற்றுலா, மத்தியானம் தூக்கம்.

சொந்தக் காரில், போனில் வழி பார்த்துக்கொண்டு நாங்களே போகலாமே? வழிகாட்டி எதற்கு?

போகலாம். ரோடு நன்றாக இருக்கிறது. பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை உண்டு. எதன் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் போன் சொல்லாது, அவ்வளவுதான்.

தென்காசியை எடுத்துக்கொள்ளுங்கள். காசி விசுவநாதர் கோயில், 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. ஒன்பது நிலைக் கோபுரம். உள்ளே நுழையும்போது காற்று ஆளைப் பிடித்துத் தள்ளும், எல்லோரும் அதில் ஒரு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த ராஜா கல்லில் ஒரு பாட்டு வெட்டிவைத்திருக்கிறான். இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத குறை ஒன்று வந்தால், அதை யார் சரிசெய்து காப்பாற்றுகிறார்களோ அவர்களை உலகறிய நான் இப்போதே பணிகிறேன் என்று. இன்னும் பிறக்காதவன் காலில் ஒரு பாண்டியன் விழுகிறான். பிற்காலத்தில் அந்தக் கோபுரம் சிதைந்து பல காலம் மொட்டையாகத்தான் நின்றது. ஊர் கூடித் திரும்பக் கட்டி 1990இல் குடமுழுக்குச் செய்தார்கள். இதைக் கோபுரத்துக்குக் கீழே நின்று சொன்னால் போட்டோ எடுத்தவர்கள் ஒருதரம் அண்ணாந்து பார்ப்பார்கள். அதற்குத்தான் எனக்குக் கூலி.

முதல் நாள் என்ன பார்ப்போம்?

டவுனும் பாளையும். காலையில் நெல்லையப்பர், காந்திமதியம்மன். இரண்டு தனிக் கோயில்களை நடுவில் சங்கிலி மண்டபம் சேர்க்கிறது. நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் இங்கே இருப்பது தாமிரசபை. மணிமண்டபத்தில் இசைத்தூண்கள். ஒரு பெரிய தூணைச் சுற்றிச் சின்னச் சின்னத் தூண்கள், எல்லாம் ஒரே கல். காசை எடுத்துத் தட்டாதீர்கள். இத்தனை வருஷத்தில் தட்டித் தட்டியே சில இடம் வழுக்கையாகிவிட்டது. ஞானசம்பந்தர் பாடிய ஊர் இது. அந்தப் பதிகத்தை ஓதுவார் பாடுகிற நேரம் அமைந்துவிட்டால், அன்றைக்கு நான் வாயைத் திறப்பதில்லை.

அப்புறம் பாலம். வண்ணார்பேட்டைக்கும் கொக்கிரகுளத்துக்கும் நடுவே ஆற்றின் மேல் நிற்கிற சுலோச்சன முதலியார் பாலத்தை ஆயிரம் தடவை கடந்திருப்பார்கள், பெயர் ஏன் என்று கேட்டால் தெரியாது. கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். அதுவரைக்கும் நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே ஓடம்தான். ஜனங்களிடம் வசூலிக்காமல் தன் கைப்பணத்தில் 1843இல் பாலம் கட்டி முடித்தார். மனைவி நகையைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள்.

பாளையில் ஊசிக்கோபுரம் இருக்கிற தூய திரித்துவப் பேராலயம், 1826ஆம் வருஷத்தது. குளோரிந்தா சர்ச் அதற்கும் முந்தியது, 1785. பழைய கோட்டையில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை சிறையை உடைத்துக்கொண்டு போனது இந்தக் கோட்டையிலிருந்துதான்.

இருட்டுக்கடை அல்வா கிடைக்குமா?

சாயங்காலம்தான் திறப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். வரிசையில் நிற்க மனசிருந்தால் கோயிலுக்கு எதிரே கீழ ரதவீதியில் இறக்கிவிடுகிறேன். நிற்க முடியாதவர்களுக்கு ஒரு விஷயம்: டவுனிலும் ஜங்ஷனிலும் நல்ல அல்வா போடுகிற கடைகள் வேறும் இருக்கின்றன. பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறாமல் கையில் வாங்கிப் பாருங்கள்.

சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து தெளியவைத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு மணிக்கணக்கில் கிண்டுவது இது. சூடாக ஒரு துண்டு வாழையிலையில் வைத்துத் தருவார்கள். விரலால் எடுத்தால் ஒட்டாமல் வழுக்கும், வாயில் வைத்தால் கடிக்க வேலையில்லை. இலையில் நெய் ஓடவேண்டும். ரப்பர் மாதிரி இழுத்தால் அது நம்ம ஊர் அல்வா இல்லை. ஊருக்குக் கொண்டுபோனால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், இறுகிப்போகும்.

இரண்டாம் நாள் கிழக்கே என்றால் எங்கெங்கே?

திருச்செந்தூர் ரோடு. கிருஷ்ணாபுரம் சுமார் 13 கிலோமீட்டர். நாயக்கர் காலத்து வெங்கடாசலபதி கோயில். காலை எட்டுக்கே போய்விடுவோம், மேலே சொன்ன ஆச்சிக்குப் பிறகு அது என் வைராக்கியம். அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற குறவன், நாகாஸ்திரம் ஏந்திய கர்ணன், ரதி, எல்லாம் ஆள் உயரத்துக்கு மேல். நான் ஒன்றே ஒன்றுதான் செய்யச்சொல்வேன்: முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு விரல்களைப் பாருங்கள். நகம் தெரியும். நகத்துக்கும் சதைக்கும் நடுவே இருக்கிற கோடு தெரியும். இறுக்கிப் பிடித்த கைக்கும் சும்மா தொங்கும் கைக்கும் நரம்பு வேறுமாதிரி இருக்கும். சிற்பத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று வந்த ஒரு லாரி ஓனர் முக்கால் மணி நேரம் கர்ணனை விட்டு நகரவில்லை.

அங்கிருந்து ஆதிச்சநல்லூர்.

ஆதிச்சநல்லூரில் பார்க்க ஒன்றுமில்லை, வெறும் பொட்டல் என்கிறார்களே?

முன்னால் வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த 114 ஏக்கர் பரம்பு, தூரத்திலிருந்து பார்த்தால் சரளை மேடுதான். 1876இல் ஜெர்மனிக்காரர் யாகோர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள் எல்லாம் வந்தன, வந்தவை வெளியூர் அருங்காட்சியகங்களுக்குப் போயின. 2004இல் மறுபடி தோண்டினார்கள். 2023 ஆகஸ்டில் குழியை மூடாமல் மேலே கண்ணாடி போட்டு அந்த இடத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். உங்கள் செருப்புக்குக் கீழே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே முதுமக்கள் தாழி, கிடந்தது கிடந்தபடி. பிள்ளைகள் முதலில் குதிக்கும், அப்புறம் கீழே பார்த்துவிட்டுத் தானாக நின்றுவிடும்.

பக்கத்தில்தான் சிவகளை. அங்கே எடுத்த மாதிரிகளை வைத்து இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. ஆய்வாளர்களுக்குள் பேச்சு இன்னும் ஓய்வதாக இல்லை.

நவதிருப்பதி ஒரே நாளில் முடியுமா?

முடியும், ஆனால் அந்த நாளில் வேறெதுவும் கூடாது. ஆறு மணிக்கு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கவேண்டும். ஒன்பது திருப்பதி என்றாலும் வண்டி நிற்பது எட்டு இடத்தில்தான், இரட்டைத் திருப்பதி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்.

ஒன்பதும் வேண்டும் என்று வேண்டுதல் இல்லாதவர்களுக்கு மூன்று போதும் என்பேன். ஸ்ரீவைகுண்டத்தில் திருடனுக்காக இரங்கிக் கள்ளபிரான் என்று பெயர் வாங்கிக்கொண்ட பெருமாள். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளி என்கிற புளியமரம். திருக்கோளூர் மதுரகவியாழ்வார் பிறந்த ஊர். எல்லோரும் தேடி வருகிற அந்த ஊரை விட்டு ஒரு பெண்பிள்ளை கிளம்பிப்போக, எதிரே வந்த ராமானுஜர் ஏனம்மா என்று கேட்க, அவள் 81 வாக்கியத்தில் பதில் சொன்னாள் என்பது வைணவர்கள் சொல்லும் கதை. வேனில் அதைச் சொல்லிக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும்.

வைகாசியில் ஒன்பது பெருமாளும் கருடன் மேல் ஆழ்வார்திருநகரிக்கு வருவார்கள். அதற்கு வர நினைத்தால் தங்குமிடத்தை ரொம்ப முன்னாலேயே பிடியுங்கள்.

மூன்றாம் நாள் மேற்கே. பத்தமடையில் பாய் நெய்வதைப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் கூட்டமாக வீட்டுக்குள் நுழைய முடியாது. நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள், அவரவர் வீட்டில் நெய்கிறார்கள். நான் முன்னாலேயே கேட்டுவைத்து, ஆறு ஆறு பேராக அனுப்புவேன். ஆண்கள் கொஞ்சம் வெளியே திண்ணையில் இருக்க நேரிடலாம். அதற்கு முகம் சுளிக்கக்கூடாது.

ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்து, மயிரிழை மாதிரிக் கீறுவார்கள். பருத்தி நூல் பாவில் ஒரு குச்சியால் கோரையைக் கோத்து இழுத்து, அச்சை வைத்து ஒரு தட்டு. ஒரு கோரை, ஒரு தட்டு. அரைமணி நேரம் பார்த்தாலும் விரற்கடை அளவுதான் நகர்ந்திருக்கும். அதைப் பார்த்தபிறகு யாரும் விலையைப் பேரம் பேசுவதில்லை. கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பெயரையும் நெய்து தருவார்கள், ஆனால் முன்கூட்டிச் சொல்லியிருக்கவேண்டும். இன்றைக்குச் சொல்லி நாளைக்கு வாங்க முடியாது.

அதற்கு மேலே போனால் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. கல்லிடையில் அப்பளம் வாங்காதவர்கள் இல்லை. குலசேகரமுடையார் கோயில் நடராஜர் கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 1982இல் திருடுபோன சிலை, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து அருங்காட்சியகத்தில் நின்று, 2019இல் திரும்பி வந்தது. ஊரே திரண்டு வரவேற்றது.

பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை மூன்றும் ஒரே நாளில் ஆகுமா?

முதல் இரண்டும் ஆகும். பாபநாசத்தில் கோயில் படித்துறையில் குளியல், அகஸ்தியர் அருவி, பிறகு மணிமுத்தாறு. மலையடிவாரம் தாண்டினால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988இல் அறிவித்தது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை, மது எதுவும் கூடாது. சாயங்காலம் சீக்கிரம் இறங்கிவிடவேண்டும். அருவியில் தண்ணீர் கூடினால் தடை போட்டுவிடுவார்கள், அன்றைக்குக் காலையில்தான் தெரியும். என்னிடம் கோபித்துப் பயனில்லை.

மாஞ்சோலைக்கு நான் வாக்குக் கொடுப்பதில்லை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் ஒரு கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்துத் தேயிலை போட்ட மலை அது. குத்தகை 2028இல் முடிகிறது. 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தினார்கள். நான்கைந்து தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். வனத்துறை அனுமதி இருந்தால்தான் மேலே போகலாம். அனுமதி கிடைத்தாலும் தொழிலாளர்கள் காலிசெய்த லயன் வீட்டின் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டத்தை நான் கூட்டிப்போகமாட்டேன்.

படித்துறையில் ஒரு வேண்டுகோள்: பழைய துணியை ஆற்றில் விடாதீர்கள். பாவம் போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். துணி மட்டும் போவதில்லை, கீழே படித்துறை படித்துறையாகச் சிக்கிக்கொண்டு கிடக்கிறது.

குற்றாலத்தில் குளிக்கலாமா? பயமாக இருக்கிறது.

பயம் இருப்பது நல்லதுதான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பள்ளிக்கூடப் பையனைக் கொண்டுபோய்விட்டது. மலைமேல் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே தண்ணீர் வரும். போலீஸ் விசில் ஊதினால் தலையில் சோப்பு... சோப்பு கூடாது, எண்ணெய், சீயக்காய், ஷாம்பு எதுவும் கூடாது, அதெல்லாம் தடை. விசில் ஊதினால் அப்படியே வெளியே வந்துவிடுங்கள். பேரருவியில் தண்ணீர் முன்னால் இருக்கிற ஆர்ச் வளைவைத் தாண்டி விழுகிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்குக் குளியல் இல்லை என்று அர்த்தம்.

அளவாக விழுகிறபோது பேரருவிக்கு ஈடில்லை. நேராகத் தலையில் விழாமல் மேலே பொங்குமாகடல் என்கிற பாறைக்குழியில் விழுந்து, வேகம் உடைந்து, பாறையில் வழிந்து வருவதால்தான் நாம் தாங்குகிறோம். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. ஐந்தருவியில் சாரல் நாளில் நிற்க இடம் கிடைக்காது. சனி, ஞாயிறு வராதீர்கள், திங்கள் காலை வாருங்கள்.

குளித்துவிட்டு நேந்திரங்காய் வற்றல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிற கூட்டம் சித்திரசபையைத் தவறவிட்டுவிடும். குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்று தள்ளித் தனியாக இருக்கிறது. உள்ளே சுவர் முழுக்க ஓவியம். ஈரத்தலையோடு அந்த இருட்டுக்குள் போய்க் கொஞ்சநேரம் நின்றால் கண் பழகப்பழக ஒவ்வொரு உருவமாக வெளியே வரும்.

சாப்பாடு எப்படி?

வேனில் வருகிறவர்களில் சண்டை வருவது இதில்தான். நான் ஒரு நாள் மத்தியானம் சொதி ஏற்பாடு செய்வேன். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற குழம்பு. தேங்காயை மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு போட்டு, கொதிக்கவிடாமல் இறக்குவது. கூட இஞ்சிப் பச்சடி கட்டாயம், இல்லாவிட்டால் தேங்காய்ப்பால் வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும். ஹோட்டலில் கிடைப்பது அபூர்வம். எனக்குத் தெரிந்த ஒரு சமையல்காரர் வீட்டில் சொல்லிச் செய்வோம். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இன்னொரு நாள்.

அசைவக்காரர்களுக்குச் செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். பார்டர் என்று ஏன் பெயர் என்றால், செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லை போய்விட்டது, பெயர் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டது.

வயதான அம்மாவைக் கூட்டிவரலாமா?

கூட்டிவாருங்கள். கோயில்களில் படி குறைவு, பிராகாரம்தான் நீளம். கழுகுமலை மட்டும் அவர்களுக்கு வேண்டாம், பாறை ஏறவேண்டும். முன் சீட்டு அவர்களுக்குத்தான், இதில் வாக்குவாதம் கிடையாது.

கோயிலே வேண்டாம் என்கிற பிள்ளைகளுக்கு?

கூந்தன்குளம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஊர், தை முதல் வைகாசி வரை கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டியிருக்கும். ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் விழுந்த சட்டையோடு திரும்பி வந்த பிள்ளைதான் அந்தப் பயணத்தைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லும். மணப்பாடு இன்னொன்று, மணல் குன்றின் மேல் சர்ச், கீழே கடல்.

ஐந்தாம் நாள் கிடைத்தால்?

வடக்கே. கயத்தாறில் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். கழுகுமலையில் வெட்டுவான் கோயில்: 8ஆம் நூற்றாண்டு, பாறையை மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்து பாதியில் விட்டது. மேலே விமானம் முழுசாக, கீழே உளி வைத்த பாறை அப்படியே. ஏன் நிறுத்தினார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள், ஊர்க் கதை ஒன்று சொல்வேன், நம்புவது உங்கள் விருப்பம். அதே மலையில் சமண உருவங்கள் வரிசையாக, அடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர். எட்டயபுரத்தில் பாரதி 1882இல் பிறந்த வீடும், 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர் நினைவிடமும், உமறுப்புலவர் நினைவிடமும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. திரும்பும்போது கோவில்பட்டி கடலைமிட்டாய்.

எவ்வளவு ஆகும், என்னென்ன கேட்டுக்கொள்ளவேண்டும்?

ஆள் எண்ணிக்கையும் தங்குமிடமும் பொறுத்து மாறும், அதை எழுதிவைத்தால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். யாரிடம் பேசினாலும் இதைக் கேளுங்கள்: டிரைவர் படியும் டோலும் உள்ளே சேர்ந்ததா? வனத்துறைக் கட்டணம் யார் பொறுப்பு? மழையால் போக முடியாத இடத்துக்குப் பதில் என்ன? எத்தனை கடைக்குக் கூட்டிப்போவார்கள்? கடைசிக் கேள்விக்கு ஆள் கொஞ்சம் திக்கினால் அங்கே கமிஷன் இருக்கிறது.

எப்படி வந்து சேர்வது?

சென்னையிலிருந்து ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ், விடிந்தால் ஜங்ஷன். பகலில் என்றால் வந்தே பாரத், சுமார் எட்டு மணி நேரம். குற்றாலத்திலிருந்து தொடங்க நினைத்தால் செங்கோட்டை போகிற பொதிகை எக்ஸ்பிரஸ். விமானம் தூத்துக்குடி வாகைக்குளத்தில் இறங்கும்.

உடை, போட்டோ?

வேட்டி, சேலை, சுடிதார், சாதாரணப் பேன்ட் சரி. அரைக்கால் சட்டை வேண்டாம். கருவறைப் பக்கம் போனை எடுக்காதீர்கள். ஒரு துண்டு, மாற்றுத்துணி கையில் இருக்கட்டும், ஆற்றைப் பார்த்தால் இறங்காமல் இருக்கமாட்டீர்கள்.

திரும்பும்போது ரயிலில் எதையெல்லாம் கொண்டுபோகலாம்?

அல்வாவை அன்றைக்கே வாங்கி, சூடு ஆறியபின் மூடுங்கள். அப்பளக் கட்டை மேலே வையுங்கள், சூட்கேஸுக்கு அடியில் வைத்துப் பொடியாக்கிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். பாயை மடக்காதீர்கள், சுருட்டுங்கள். மடக்கினால் அந்த மடிப்பில் கோரை ஒடியும், ஒடிந்ததை யாராலும் சேர்க்க முடியாது. சுருட்டி, மேல் பெர்த்தில் சுவர் ஓரமாகப் போட்டுவிட்டால் சென்னை வரை அசையாது.